சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் மாப்பிள்ளை வீடு விசாரிக்கப் போனது

மாமல்லபுரத்துக்கு எந்த வழியாகப் போனால் வசதி என்று சென்ற பதிவில் பலர் கேட்டிருந்தீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரை விரட்டிக்கொண்டு போய்விட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. ரயிலில் செங்கல்பட்டு வரை போய், அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் போகிற பாதை ஒன்று இருக்கிறது. நான் முதலில் போனது ஏறக்குறைய அப்படித்தான். எழுபதுகளின் நடுவில், ஒரு மாசி மாத ஞாயிற்றுக்கிழமை. ஆனால் சிற்பம் பார்க்கப் போகவில்லை. என் தங்கை வசந்தாவுக்கு வந்திருந்த வரனைப் பற்றி, யாருக்கும் தெரியாமல் விசாரிக்கப் போனோம்.

அப்போதெல்லாம் அது வழக்கம். தரகர் சொல்வதை எவன் நம்புவான்? மாப்பிள்ளை ஊருக்குப் போய், அந்த வீட்டில் கால் வைக்காமல், டீக்கடையிலும் குழாயடியிலும் பேச்சுக் கொடுத்து உண்மையைக் கறந்துகொண்டு வர வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கென்றே பிறந்தவர் சித்தப்பா. வெள்ளைப் பேன்ட், தோல் பை, கறுப்புக் குடை. பார்த்தால் ஏதோ பெரிய ஆபீசர் என்று தோன்றும். ஜவுளிக்கடையில் துணி கிழித்து ஓய்வு பெற்றவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

வசந்தாவுக்கு அப்போது இருபத்தேழு வயது, டைப்பிஸ்ட் வேலை. மூன்று வரன் தட்டிப் போயிருந்தது. இதுவும் தட்டினால், வேலூரில் பெண்டாட்டியை இழந்து இரண்டு பிள்ளைகளோடு இருந்த ஒருவருக்கு அவளைக் கொடுத்துவிடுவது என்று அப்பா மனதுக்குள் முடிவு செய்துவிட்டார். அப்பாவைக் குறை சொல்லவும் முடியாது. மாம்பலத்தில் நாங்கள் பதினெட்டு வருடம் குடியிருந்த வீட்டை இடித்து மாடி மாடியாகக் கட்டப் போகிறேன், காலி செய்யுங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். எதிர் வீட்டை ஏற்கனவே இடித்தாயிற்று. அந்தப் பக்கம் இருந்த குளத்தைத் தூர்த்து மனை போட்டிருந்தார்கள். தண்ணீருக்குத் தெருவில் குடத்தை வரிசை வைத்துவிட்டு லாரிக்குக் காத்திருப்போம். பெண்ணைக் கரையேற்றிவிட்டால், பிறகு எங்காவது ஒண்டிக்கொள்ளலாம் என்று அப்பா நினைத்தார். ராத்திரி அவர் புரண்டு புரண்டு படுப்பது எங்களுக்கெல்லாம் கேட்கும்.

பெண்ணையே விசாரிக்கக் கூட்டிக்கொண்டு போகிற வழக்கம் கிடையாது. வசந்தா கேட்கவில்லை. "வாழப் போறது நான். சித்தப்பாவா வாழப் போறார்?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அதே வீட்டில் எங்களோடு இருந்த என் கணவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அதாவது தூங்கினார்.

காலை ஆறு மணிக்கு மாம்பலத்தில் ரயில். டிக்கெட் ஆளுக்கு ஒரு ரூபாய் சொச்சம் என்று நினைவு. தாம்பரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் ஏரியும் வயலுமாக இருக்கும் என்று சொல்லித்தான் வசந்தாவுக்கு ஜன்னல் சீட்டு பிடித்துக் கொடுத்தேன். வயல் இருந்தது. வயலுக்கு நடுவே வெள்ளையடித்த கற்களும் வரிசையாக இருந்தன. 'மனைகள் விற்பனைக்கு' என்று ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் தட்டிகள். வசந்தா அதைத்தான் எண்ணிக்கொண்டு வந்தாள் போலிருக்கிறது. ஏழரைக்கு சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்கினோம். குன்றைக் குடைந்த நரசிம்மர் கோயிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வடக்கே இரண்டு மைல் நடந்தோம். ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால் தங்கை சண்டைக்கு வருவாள்.

தரகர் சொன்னது இதுதான்: சொந்த ஓட்டு வீடு, கிணற்றோடு இரண்டு காணி நிலம், வில்லங்கம் இல்லை. பையன் தணிகாசலம் மாமல்லபுரம் கடற்கரையில் புதிதாக வந்த ஓட்டலில் கணக்கு எழுதுகிறான். அப்பா பெயர் பெருமாள். போட்டோவில் பையன் சிரிக்கத் தெரியாமல் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வசந்தாவுக்கு அது பிடித்திருந்தது. சிரித்துக்கொண்டு வந்த மூன்று பேரைத்தான் பார்த்துவிட்டாளே.

ஊருக்குள் நுழைந்ததுமே சித்தப்பா வேலையை ஆரம்பித்துவிட்டார். வேப்பமரத்தடியில் இருந்த அந்த ஓட்டு வீட்டின் முன்னால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து பார்த்து, "முகப்பு முப்பதடி தேறும்" என்றார். பின்னாலிருந்த வயலைக் குடையால் சுட்டிக் காட்டினார். பிறகு டீக்கடைக்கு வந்தோம். கடைக்காரர் பெயர் கோவிந்தசாமி. பெஞ்சில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தவர்கள் எங்களைக் கண்டதும் நிறுத்திவிட்டார்கள்.

"அந்த ஓட்டு வீடு பெருமாள் ஐயாவுதுங்களா?" என்றார் சித்தப்பா.

"எந்த வூடு சார்?"

"அதோ, வேப்பமரம் நிக்குதே."

"அதுவா? அவரு வாடகைக்குக் கீறாரு சார். அதுவும் இப்பத்தான் ஆறு மாசமா."

சித்தப்பா என்னைப் பார்த்தார். "நிலம் ரெண்டு காணி இருக்குன்னு சொன்னாங்களே?"

பெஞ்சில் இருந்தவர் முந்திக்கொண்டார். "அது மேல கேஸு ஓடிக்கினு கீது சார். அண்ணன் தம்பி நாலு பேரு. வெட்டு குத்து ஆயிடும் போல கீது."

"கிணறு?"

"தூந்து பூட்சி."

"பையன் வேலைக்குப் போறாரா?"

"வேலையா? சும்மா சுத்திகினு கீது அது."

வசந்தா டீயைக் குடிக்காமல் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வயல் பக்கம் போய்ப் பார்த்தால் பம்புசெட் ஓடிக்கொண்டிருக்கிறது, தண்ணீர் கொட்டுகிறது, ஒரு அம்மாள் துணி துவைக்கிறாள். "இது பெருமாள் ஐயா கிணறா?" என்று கேட்டேன். அவள் துணியைப் பிழிந்தபடியே, "கோயில் நெலம்மா. சாமி சொத்து. எவனும் தொட முடியாது" என்றாள். ஒருவர் வாடகை என்கிறார், ஒருவர் கேஸ் என்கிறார், இவள் சாமியையே இழுக்கிறாள்.

"புளுகிட்டான் தரகன்! ஊரே புளுகுது! கண் முன்னால தண்ணி கொட்டுது, தூர்ந்து போச்சாம். இந்த ஊர்ல பொண்ணு குடுக்கறதுக்கு அந்த வேலூர்க்காரன் எவ்வளவோ தேவலை" என்று சித்தப்பா நடு ரோட்டில் நின்று கத்தினார். அப்படியே ரயிலேறிவிடலாம் என்றார். வசந்தா மட்டும், "ஓட்டலையும் பார்த்துட்டுப் போயிடலாம். வேலையும் பொய்யின்னா நானே வேலூருக்குச் சரின்னு சொல்லிடறேன்" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அங்கிருந்து செங்கல்பட்டு பத்து கிலோமீட்டர், பஸ்ஸில் அரை மணி. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் முப்பது கிலோமீட்டர். பதினோரு மணி பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை, பாதிப் பேர் திருக்கழுக்குன்றத்தில் கழுகு வருவதைப் பார்க்கப் போகிறவர்கள். உச்சி வேளைக்கு வந்துவிடுமா, இன்றைக்கு ஒன்றா இரண்டா என்று பஸ் முழுக்க அதே பேச்சு. அவர்கள் இறங்கிய பிறகுதான் எங்களுக்கு இடம் கிடைத்தது. நானும் கழுகைப் பார்க்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்டவள். அன்று தலையைத் திருப்பி மலையைப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

மாமல்லபுரத்தில் இறங்கிப் பொட்டலத்திலிருந்த புளிச்சாதத்தைச் சாப்பிட்டோம். சாப்பிட்டோம் என்று பெயர். ஓட்டல் ஊருக்கு வடக்கே, சவுக்குத் தோப்பை வெட்டித் திருத்திய இடத்தில் இருந்தது. கீற்றுக் கூரை போட்ட தனித்தனி அறைகள், சுற்றிலும் கம்பி வேலி. வாட்ச்மேனிடம் சித்தப்பா கேட்டார்.

"தணிகாசலமா? உள்ளதான் கீறாரு சார். ஞாயித்துக்கெழம ஒரே பேஜாரு, நாஸ்தா துன்னக்கூட நேரமில்ல அவருக்கு. யாரு தேடுறதுன்னு சொல்லட்டும்?"

"வேண்டாம் வேண்டாம்" என்று சித்தப்பா பின்வாங்கினார். அதற்குள் வசந்தா வேலி வழியாகப் பார்த்துவிட்டாள். ஆபீஸ் வாசலில் ஒரு வெள்ளைக்காரரிடம் பில்லைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார், போட்டோவில் இருந்த அதே ஆள், அதே விறைப்பு. வேலை உண்மை. அப்படியானால் ஊர்க்காரர்கள் ஏன் இல்லை என்றார்கள்? ஒன்றும் புரியாமல் வேலியை ஒட்டிக் கடலைப் பார்க்க நடந்தோம்.

மணலில் ஒரு மீனவப் பெண் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் நாற்பது ஐம்பது குடிசைகள். சித்தப்பாவுக்கு வாய் சும்மா இருக்காதே. "இந்தக் குப்பம் எவ்வளவு காலமா இருக்கும்மா? எத்தனை வீடு?" என்று கேட்டுவிட்டார்.

அவள் எழுந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "வூடா? இங்க வூடே இல்ல. யாரும் இல்ல. போ, போய் எழுதிக்க."

"அவர் சும்மாதான் கேட்டார்" என்றேன்.

"சும்மாவா? மொதல்ல இப்பிடித்தான் ஒருத்தன் வந்து கேட்டான். அப்பால வேலி போட்டான். அப்பால கட்டுமரத்த இங்க ஏத்தாதன்றான், வெள்ளக்காரன் குளிக்கிறானாம். வூடு யாருது, எத்தினி வருசமா கீற, பட்டா கீதான்னு கேட்டுகினு வந்தவன் எவன் சும்மா போயிருக்கான், சொல்லு!"

வசந்தா என் கையைப் பிடித்தாள். நகம் அழுந்தியது. "அக்கா, காலைல நாமும் இதையேதானே கேட்டோம்?"

அப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. மூன்று மணி பஸ்ஸைப் பிடித்து, செங்கல்பட்டில் மாறி, ஐந்து மணிக்கெல்லாம் அந்த டீக்கடை வாசலில் நின்றோம். கோவிந்தசாமி எங்களைக் கண்டதும் அடுப்பைக் கிளறுவதுபோல் குனிந்துகொண்டார்.

"அண்ணே, நாங்க சர்க்கார் ஆளுங்க இல்லை" என்றாள் வசந்தா. "பெருமாள் ஐயா வீட்டுல எனக்குப் பேசியிருக்காங்க. பொண்ணு நான்தான்."

அந்த மனிதர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு சித்தப்பாவைப் பார்த்தார். "அடப்பாவி மனுசா! அத்தக் காலைலயே சொல்றதுக்கு இன்னா? கொடையத் தூக்கிகினு, வூட்ட அளந்துகினு, பேன்ட்டு வேற! நாங்க இன்னான்னு நெனைக்கிறது?" என்று ஆரம்பித்தவர் பெஞ்சைத் துடைத்து, "குந்தும்மா, நீ குந்து" என்றார்.

ரோட்டோரமாகப் புது டவுன் வரப் போகிறதாம். எந்த வயல் போகும், எந்த வயல் தங்கும் என்று யாருக்கும் தெரியாதாம். கேஸ் இருந்தால் தொட மாட்டார்கள் என்று ஒருவர் சொன்னாராம், கோயில் நிலத்தை விட்டுவிடுவார்கள் என்று இன்னொருவர். பையனுக்குச் சம்பளம் வருகிறது என்று தெரிந்தால், உனக்கெதற்கு நிலம் என்று கேட்பார்களாம். அதனால் புது ஆள் யார் வந்து கேட்டாலும் இப்படித்தான் சொல்வது என்று ஊரில் பேசி வைத்திருக்கிறார்கள். பெருமாள் ஐயாவுக்கு மட்டுமில்லை, எல்லா வீட்டுக்கும் இதே பதில்தான்.

"வூடு சொந்த வூடும்மா. ரெண்டு காணியும் அவங்களுதுதான், வில்லங்கம் கெடையாது. பையன் சொக்கத் தங்கம்" என்றவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா எத்தினி நாளைக்கு இருக்கும்னு மட்டும் என்னக் கேக்காத தாயி. நீ மெட்ராஸ்ல கீற, உனக்குத்தான் தெரியும். நீ சொல்லு. இது வர வந்துடுவாங்களா?"

இல்லை என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வசந்தாவுக்கு அது வரவில்லை.

"வந்துடுவாங்க அண்ணே. எங்க வீட்டையே இடிக்கப் போறாங்க."

"அப்ப இன்னாத்துக்கு தாயி இங்க வாக்கப்பட்டு வர்ற?"

"எங்க தெருவுல எதிர் வீட்டை இடிச்சப்போ யாரும் வாசலுக்குக்கூட வரலை. நாங்களும் போகலை" என்றாள் அவள். "அவங்க வர்றப்போ இங்க உங்களோட நிக்கலாமே."

ரயிலில் சித்தப்பா தலைதலையாக அடித்துக்கொண்டார். போகப் போகிற நிலத்தை நம்பிப் பெண்ணைக் கொடுப்பதா, நாளைக்குத் தெருவில் நிற்பாளே என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, எனக்கும் அதே பயம்தான். கல்யாணத்தன்று தாலி ஏறும்போதுகூட அது போகவில்லை.

இனி, போகிறவர்களுக்கு. செங்கல்பட்டுக்கு இன்றைக்கும் சென்னை கடற்கரை ஸ்டேஷனிலிருந்து மின்சார ரயில் இருக்கிறது, காலையில் போனால் உட்கார்ந்து போகலாம். பஸ் ஸ்டாண்டில் திருக்கழுக்குன்றம் வழியா என்று கேட்டு ஏறுங்கள். மலையேறுவதானால் வெயிலுக்கு முன்பே ஏறிவிடுங்கள், படி சுட்டுவிடும். கழுகு இப்போது வருவதில்லை. மனை பார்க்கப் போகிறவர்கள்தான் இன்று அதிகம், இந்தப் பதிவைப் படிப்பவர்களிலும் இருப்பீர்கள். போங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? எனக்கும் ஒரு காலத்தில் வீடில்லை. ஆனால் இறங்கினதும் நீங்கள் யார், எதற்கு வந்தீர்கள் என்று முதலில் சொல்லிவிட்டுக் கேள்வி கேளுங்கள். நீங்கள் கேட்டுவிட்டுப் போய்விடுவீர்கள். கேட்கப்பட்டவர்கள் அன்று ராத்திரி தூங்க மாட்டார்கள்.

எழுபதுகள் முடிவதற்குள் அளக்க வந்துவிட்டார்கள். நான் அன்று தங்கை வீட்டில்தான் இருந்தேன். அளவுச் சங்கிலியை இழுத்துக்கொண்டு நாலைந்து பேர் வயலில் இறங்க, ஊரே வரப்பில் வந்து நின்றது. முன் வரிசையில் வசந்தா, இடுப்பில் குழந்தை. ஆபீஸ் உடைகூட மாற்றாமல் பக்கத்தில் தணிகாசலம். வந்தவர்களில் பெரியவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் நின்ற நிலை அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

"படிச்ச பொண்ணு மாதிரி இருக்கீங்க. நீங்க எந்த ஊரும்மா?"

மாம்பலத்தில் பதினெட்டு வருடம் வளர்ந்த என் தங்கை, குழந்தையை அந்த இடுப்பிலிருந்து இந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"இந்த ஊருதான்" என்றாள். "இன்னா வோணும் உனக்கு?"