கிணற்றைச் சுற்றி எட்டுப் பேர்

பொராவுக்குச் சண்டை பிடிக்காது என்று சொன்னால், கம்ப்யூட்டர் ஆட்டக் கம்பெனிகள் நிறைந்த பாங்யோவில் ஒருவரும் நம்பமாட்டார்கள். அந்த அம்மாள் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தாலே பாதிப் பேர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வார்கள். வாய் அப்படி. அவளுக்குப் பிடிக்காமல் போனது கம்ப்யூட்டரில் நடக்கிற சண்டை மட்டும்தான். அதுவும் பாதி வயதில் வந்த வெறுப்பு.

பத்தொன்பது வயதில் அவள் சோறு தின்றதே அந்தச் சண்டையில்தான். குன்சானில் 'பிசி பாங்' என்கிற கம்ப்யூட்டர் ஆட்டக் கடையில், கப் நூடுல்ஸும் அடுத்தவன் சிகரெட் புகையுமாக உட்கார்ந்து, எதிராளி படை திரட்டுவதற்குள் அவன் ஊரையே கொளுத்திவிடுவாள். நிமிடத்துக்கு முந்நூறு தட்டு தட்டும் விரல்கள். சியோலில் ஓர் அணி அவளைச் சம்பளத்துக்கு எடுத்தது. பெண்களுக்கென்று இருந்த போட்டியை இரண்டே வருடத்தில் இழுத்து மூடினார்கள். "கல்யாணம் பண்ணிக்கோம்மா" என்று சொல்லி அனுப்பினார் பயிற்சியாளர். அந்த ஆள் செத்த செய்தி வந்தபோதுகூட அவள் போகவில்லை.

அதன்பிறகு பதினைந்து வருடம் வியூக ஆட்டங்கள் வடிவமைக்கிற வேலை. எந்த வீரனுக்கு எத்தனை அடியில் உயிர் போக வேண்டும் என்று கணக்குப் போடுகிற வேலை. ஒரு நாள் அந்தக் கணக்கை மூடி வைத்தாள். வியூகம் என்றால் கொலைதானா? பனி விழுவதற்குள் முட்டைக்கோஸை அறுத்து உப்பு போட்டுக் கிம்ச்சி ஊறுகாயாக்கி, கிணறு வற்றாமல் ஓர் ஊரைக் காப்பாற்றுவதற்குப் புத்தி வேண்டாமா, கைவேகம் வேண்டாமா? மூன்று வருடம் முதுகு ஒடிய அப்படியொரு ஆட்டத்தைச் செய்தாள். ஓர் ஆறு, இரண்டு ஊர், இரண்டு பேர் ஆடலாம். இரண்டு ஊரும் குளிர்காலத்தைத் தாண்டினால் இருவருக்கும் வெற்றி. ஆயுதம் என்று ஒரு குச்சிகூடக் கிடையாது.

ஸ்டுடியோ தலைவர் பாங் சொங்ஹோவுக்கு அது வயிற்றெரிச்சல்.

"கிம்ச்சி போடுறதப் பாக்கணும்னா எங்கம்மா வீட்டுக்குப் போவேன். இதுக்கு எவன் காசு குடுப்பான்? எங்கள மாதிரி கட்டாயப் பட்டாளத்துக்குப் போயிருந்தா உங்களுக்குத் தெரியும், ஆம்பளைக்கு என்ன வேணும்னு."

"போன நீங்க என்னத்தக் கண்டீங்க? ரெண்டு கிளாஸ் உள்ள போனா, அங்க வாங்கின உதையச் சொல்லிச் சொல்லி அழுறீங்க. வீட்டுக்குப் போனதும் கம்ப்யூட்டர்ல அதே துப்பாக்கியத் தூக்கிட்டு உக்காந்துக்கிறீங்க. வெக்கமா இல்ல?"

அது கூட்ட அறை, எல்லார் காதிலும் விழுந்தது. பாங் சிரித்துக்கொண்டே கத்தியைச் சொருகினார். வெள்ளிக்கிழமை மதியம் சோதனை. ஓய்வுபெற்ற போட்டி ஆட்டக்காரன் ஒருவன் வருவான். அரைமணி நேரம் அவனும் பொராவும் சண்டையில்லாமல் ஆடிக் காட்டினால் ஆட்டம் அப்படியே வெளியே போகும். இல்லையென்றால் படைவீரர்களை நுழைத்து, ஆட்டத்தை வேறொருவர் கையில் கொடுத்துவிடுவார்கள்.

வந்தவன் யாங் தொக்சு. முப்பத்து நாலு வயது. இடுப்பு வளைய வணக்கம் சொன்னான்.

"அக்கா, உங்க ஆட்டத்தப் பாத்து வளந்தவன் நான்."

"அப்ப ஒழுங்கா வளந்திருப்பே. உக்காரு."

மாடி முழுக்க முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. நாலாவது நிமிடம் தொக்சுவின் கூலியாட்கள் எட்டுப் பேர் வயலுக்குப் போகாமல் பாலம் தாண்டி வந்தார்கள். பொராவின் ஊர்க் கிணற்றைச் சுற்றி நின்றார்கள். அவள் ஆட்டத்தில் ஒரு ஆள் இன்னொரு ஆளை ஊடுருவிப் போக முடியாது. சந்தில் நெரிசல் நிஜமாக இருக்கட்டும் என்று அவளே வைத்த விதி. பாலம் இருந்தால் எதிராளி ஊருக்குத் தன் கூலியாட்களை அனுப்புவதுதான் அந்த நாட்டில் எந்தப் பையனுக்கும் முதல் பாடம். அதை மறந்து அவள் பாலம் கட்டியிருந்தாள்.

"என்னடா பண்றே?"

"ஒண்ணும் பண்ணலக்கா. சும்மா நிக்கிறாங்க."

"தள்ளிப் போகச் சொல்லு. ஊரு தண்ணியில்லாம சாவுது."

"அதத்தாங்கா பாத்துக்கிட்டிருக்கேன்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "டீம் லீடரம்மா, ரெண்டு எழுத்த அடிச்சுட்டு எந்திரிங்க" என்றார் பாங். தோற்றவர் 'ஜிஜி' என்று அடித்துவிட்டு எழுந்திருப்பதுதான் மரியாதை.

நிரலாளர் சிம் ஹெவொன் குனிந்து அவள் காதில் சொன்னாள்: "அக்கா, ஆட்டத்த நிறுத்துங்க. கோளாறுன்னு சொல்லிடலாம். ஒரே ஒரு வரி, பத்து நிமிஷத்துல மாத்திடுறேன். அரைமணிய மறுபடி ஆரம்பிக்கலாம்."

பொராவுக்குக் கேட்டது. அது சரி என்றும் தெரிந்தது. ஆனால் தொக்சு திரையைப் பார்த்துக்கொண்டே புன்னகை செய்துகொண்டிருந்தான். கல்யாணம் பண்ணிக்கோம்மா என்று சொன்ன வாயிலும் அதே புன்னகைதான் இருந்தது.

விரல்கள் இறங்கின. வயலில் இருந்தவர்களையெல்லாம் திரட்டி ஆற்றின் மேல்கரைக்கு ஓட்டினாள். தொக்சுவின் ஊர் பள்ளத்தில் இருந்தது. கரையைக் கட்டத் தெரிந்த ஆட்களுக்கு இடிக்கவும் தெரியும். தடதடவென்று கீபோர்டு அலற, கரை மூன்று இடத்தில் உடைந்தது. வெள்ளம் அவன் வயலில் ஏறி, கிம்ச்சிச் சாடிகளைப் புரட்டி, பள்ளிக்கூடத்துக்குள் புகுந்தது. ஒன்றரை நிமிடத்தில் அந்த ஊரில் நடமாட்டம் இல்லை.

தொக்சு இரண்டு எழுத்தை அடித்துவிட்டு எழுந்து நின்று குனிந்தான். மாடியே கைதட்டியது. விசில் பறந்தது.

பாங் அவள் தோளைத் தட்டினார். "வாளே வேண்டாம் போல இருக்கே! இத இப்படியே போடலாம். ஆனா பேர மட்டும் மாத்தணும். வெள்ளப் போர்!"

ஹெவொன் மட்டும் கைதட்டவில்லை. மூன்று வருடமாகக் கூட உட்கார்ந்து அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டவள் அவள்.

பொரா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பதினெட்டு வருடமாக இல்லாத சந்தோஷம் நெஞ்சில் திமுதிமுவென்று அடித்துக்கொண்டிருந்தது. நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"எங்கடா போறே? உக்காரு. இன்னொரு ஆட்டம்."