இதில் கப்பலண்டி உண்டு

எங்கள் முதலாளி லீலாபாய் அம்மா இறந்த செய்தியை இரணியலிலிருந்து டிரைவர் ஜெபா ஃபோனில் சொன்னபோது, மார்த்தாண்டத்தில் எங்கள் மிட்டாய்க் கம்பெனியில் நான் கடலை வறுத்துக்கொண்டிருந்தேன். "பொய் பறயாதலே. இப்பத்தான் என்னை ஏசிட்டுப் போனாவ" என்றேன். உண்மைதான். "எள்ளுக்கு வேற கரண்டி எடுத்தாச்சா அண்ணாச்சி?" என்று அதட்டிவிட்டுத்தான் காரில் ஏறினார். கடலை ஒவ்வாத பிள்ளைகளைப் பற்றி ஒரு பள்ளிக்கூடத்தில் பேசப் போனவர், வாசலில் இறங்கி அப்படியே சரிந்துவிட்டாராம். நெஞ்சடைப்பு. என் மனது இன்னும் ஏற்கவில்லை. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, மிட்டாய் வியாபாரிகள் சங்கத்துக்காரர்கள் எழுதுகிறார்கள்.

எல்லா மிட்டாய்க்காரர்களையும் போல எங்களுக்கும் முன்பு ஒரே பலகைதான். கப்பலண்டி மிட்டாய், அதுதான் கடலை மிட்டாய், வெட்டியதும் துணியால் துடைத்துவிட்டு அதிலேயே எள்ளு மிட்டாய் வெட்டுவோம். பொட்டலம் கட்டும் செல்விக்கு ஒரு மகள். கப்பலண்டி ஆகாத பிள்ளை. எள்ளுதானே என்று ஒரு துண்டைக் கொடுத்தாள். பிள்ளைக்கு உதடு வீங்கியது, மூச்சு இழுத்தது. லீலாபாய் அம்மாதான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பிள்ளை பிழைத்தது. திரும்பி வந்த அம்மா அந்தப் பலகையை அடுப்பில் வைத்தார். "துடைச்சா போவும்னு நெனச்சோம். போவல்ல" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து எள்ளுக்குத் தனி அறை, தனிப் பலகை, தனிக் கரண்டி.

அதோடு விடவில்லை. தக்கலையில் நடந்த சங்கக் கூட்டத்தில், இந்த ஒவ்வாமையை ஆராயும் டாக்டர்களுக்கும் பள்ளிக்கூட வகுப்புகளுக்கும் மிட்டாய்க்காரர்களே பணம் கொடுக்க வேண்டும் என்றார். குலசேகரத்து வியாபாரி ஒருவர் எழுந்து, "யக்கா, நம்ம சரக்கு ஆளைக் கொல்லும்னு நம்ம காசுலயே கொட்டடிக்கவா? தலைக்குச் சுகமில்லையா?" என்றார். சிரிப்பு அடங்கவில்லை.

"எனக்க மிட்டாயத் தின்னு பிள்ளைய வளரணும் தம்பி. கள்ளம் பறஞ்சு விக்க நமக்கு இது சாராயமா?" என்றார் அம்மா. முதல் பணத்தை அவரே வைத்தார். சிரித்தவர்களும் ஒவ்வொருவராக வைத்தார்கள்.

பணத்தை வாங்க வந்த டாக்டரிடம் அம்மா சொன்னது என் காதில் விழுந்தது. "காசு தந்தோம்னு எங்களுக்குத் தோதா எழுதப்பிடாது டாக்டரே. உள்ளத எழுதுங்க. மிட்டாய் விக்காம எங்க கச்சவடம் போனாலும் போட்டு."

கப்பலண்டி உண்டு என்ற எச்சரிக்கையோடு புது உறை அச்சாகி வந்த அன்று அதை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இதுல என்ன எழுதியிருக்கு அண்ணாச்சி?"

"என்னையப் போட்டுக் களியாக்குதியளா? எனக்கு எழுத்தா தெரியும்?"

"அதுக்காக்கும் உங்ககிட்ட கேட்டது. கடைக்கு வாற எல்லாரும் படிச்சவியளா?"

அடுத்த உறையில் சிவப்பாக ஒரு கடலைப் படம் வந்தது. அதுவும் அவருக்குப் போதவில்லை. "படம் உறையில கெடக்கும். தட்டுல வச்சா ஆரு பாப்பா? வாயால சொல்லணும்" என்பார். அதனால் கல்யாண வீடோ கோயில் திருவிழாவோ, மிட்டாய்த் தட்டு நகரும் முன் அவர் குரல் கேட்கும்: "இதுல கப்பலண்டி உண்டு. ஆகாதவிய எடுக்காதுங்கோ."

போன வாரம் அவர் வீட்டில் அவர் நினைவாக ஜெபக்கூட்டம். முடிந்ததும் சாயா வந்தது. கூடவே தட்டில் எங்கள் மிட்டாய், உறை பிரித்து அடுக்கியிருந்தது. பிள்ளைகள் சுற்றி வந்தார்கள். நான் அந்தக் குரலுக்காகக் காத்திருந்தேன். சத்தமே இல்லை. எழுந்து நின்று நானே சொன்னேன். குரல் கோணலாக வந்தது. மூலையில் இருந்த ஒரு தாய் தட்டுக்கு நீண்டுவிட்ட தன் பிள்ளையின் கையைச் சட்டென்று பிடித்து இழுத்துக்கொண்டாள்.

அம்மா பேசப் போன இரணியல் பள்ளிக்கூடத்தில் அந்த வகுப்பு நடக்கவில்லை. அம்மா இல்லையே, இனி பணம் எதற்கு என்று சங்கத்தில் சிலர் பேசுகிறார்களாம். அவரை அறிந்தவர்களே, அந்த வகுப்பை நடத்துங்கள். எனக்கு அவரிடமிருந்து கிடைத்தது அந்த ஒரு வாக்கியம். தட்டை எடுக்கும்போதெல்லாம் சொல்கிறேன். சொல்லிவிட்டு, எள்ளுக் கரண்டியைக் கேட்டு இப்போது உள்ளே வருவார் என்று வாசலைப் பார்க்கிறேன்.