லாசர் விழுங்கிய ‘லெ’

பதினோரு வருஷமாக ஹெல்டூரின் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது ஒரே ஒரு எழுத்து. அதை விழுங்கியவன் லாசர்.

லாசர் எஸ்டோனியாவின் பெய்ப்சி ஏரிக்கரை ரஷ்யன். கோடையில் வெங்காயம் போடுவான். குளிர்காலத்தில் ஹெல்டூரோடும் அவன் தம்பி ஊலோவோடும் உறைந்த ஏரிமேல் வலை இழுப்பான். நெஞ்சுவரை தாடி. சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தேநீரைத் தட்டில் ஊற்றி உறிஞ்சுவான். உழைப்பில் மாடு. எஸ்டோனியப் பேச்சுதான் அவனுக்கு உதைக்கும். உள்ளேயா, மேலேயா, எங்கிருந்து, எங்கே என்பதெல்லாம் சொல்லின் வாலில் ஒட்டுகிற பாஷை. இவன் வாலை மாற்றி ஒட்டுவான்.

“பூனை மேசைக்குள்ள உக்காந்திருக்கு” என்றான் ஒருநாள்.

“தாடி, கதவத் திறந்து விடுடா, மூச்சு முட்டப்போவுது!” என்றான் ஊலோ. அண்ணனும் தம்பியும் ஒரு வாரம் சிரித்தார்கள்.

பதினோரு வருஷத்துக்கு முந்தைய மார்ச்சில் ஊலோ தனியாக வலை பார்க்கப் போனான். பனி பிளந்து உள்ளே போனான். கரையில் நின்ற லாசர் ஒருத்தன்தான் சாட்சி. ‘யார்வெலெ’ போனான் என்றால் ஏரிமேல் வேலைக்குப் போனான். ‘யார்வெ’ போனான் என்றால் ஏரிக்குள் இறங்கினான். போலீஸ்காரரிடம் லாசர் சொன்னது ‘யார்வெ’.

ஊலோவின் பெண்டாட்டி விட்டுப் போய் இரண்டு மாதம்கூட ஆகாத நேரம். தானாகச் செத்தான் என்று எழுதி வழக்கை மூடிவிட்டார்கள். ஊரும் நம்பியது. அந்த அவமானத்தில் தாய் கோயில் படி ஏறாமலே செத்தாள். ஹெல்டூர் போலீஸில் போய், லாசர் சொன்ன வார்த்தை தப்பு என்று கத்தினான். “சொன்னவன் வந்து மாத்திச் சொல்லட்டும்” என்றார்கள். லாசர் வாசலை மிதிக்க அவனுக்கு வீம்பு விடவில்லை.

போன மாதம் லாசரே ஆள் அனுப்பினான். ஹெல்டூர் போனபோது படுக்கையில் தாடி மட்டும்தான் மிச்சம்.

“நான் பனிமேல ஓடிப்போய்த் தூக்கலேன்னுதான் நீ எங்கூடப் பேச்ச விட்டுட்டேன்னு நெனச்சேன். வார்த்தைய மாத்திச் சொல்லிட்டேன்னு போன வாரந்தான் என் மக சொன்னா. ஏன்யா நீ சொல்லல?”

“உனக்கே தெரியாதா?”

“எப்டித் தெரியும்? இருவது வருஷம் சிரிச்சீங்க. எது தப்புன்னு ஒருநாளாவது சொன்னீங்களா?”

 

லாசர் கடைசியாகக் கேட்டது இதுதான்: “நாளைக்குப் போலீஸ்காரன் வரான். என் வாயாலதான் கேக்கணுமாம். உக்காரு. அந்த வார்த்தைய என் நாக்குல ஏத்திட்டுப் போ.”