கண்ணில் குமிழியோடு மலையேறியது

கிள்ளானிலிருந்து கேமரன் மலைக்கு லோரியில் கெரோப்போக் வறுவல் பாக்கெட்டுகள் ஏற்றிப் போனவன் நான். அந்த வேலை போனது என் முட்டாள்தனத்தால்தான். சுற்றி வளைப்பானேன்.

வலது கண்ணின் விழித்திரை சுவரை விட்டுப் பிரிந்துவிட்டது. கோலாலம்பூரில் பார்த்த டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். உள்ளே எதையாவது நிரப்பித்தான் அதைச் சுவரோடு அழுத்த வேண்டும். சிலிக்கோன் எண்ணெய் என்றால் உப்பாது, சுருங்காது. ஆனால் பிறகு இன்னொரு ஆபரேஷன் செய்து வெளியே எடுக்க வேண்டும். வாயு என்றால் தானாகவே கரைந்துவிடும். லேசானது, மேலே மிதக்கும். அது பின்சுவரை அழுத்த நான் தலையைக் கவிழ்த்தே இருக்க வேண்டும். உயரத்துக்குப் போனால் விரியும். மலை, விமானம் எதுவும் கூடாது.

இன்னொரு கத்திக்குப் பயந்து வாயு போதும் என்றேன்.

"புரிஞ்சுதா அங்கிள்?"

"புரிஞ்சுது டாக்டர்."

என் காதில் ஏறியது விமானம் மட்டும்தான்.

ஆபரேஷன் முடிந்த இரண்டாவது வாரம் கேமரனில் தங்கை மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் போகாமல் இருக்க முடியுமா?

"பிளேன்தானே ஏறக்கூடாது? நாம கார்லதான் போறோம்லா," என்றாள் மனைவி. அவளே ஓட்டினாள்.

நான் பின் சீட்டில் சொன்னபடி தலையைக் கவிழ்த்திருந்தேன். அவ்வளவு ஒழுங்கான நோயாளி! காலடியில், வழியில் தின்ன வாங்கிய கெரோப்போக் பாக்கெட் கிடந்தது. அடிவாரத்துத் தாப்பா ஊரைத் தாண்டி ஏற ஏற அது உப்பிக்கொண்டே வந்தது. லோரியில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன். மேலே போய்ச் சேரும்போது அட்டைப்பெட்டிகளே விம்மி நிற்கும்.

"பாத்தியா, நம்ம சரக்கு உப்பிடுச்சு," என்று சிரித்தேன்.

கொஞ்ச நேரத்தில் கண்ணுக்குள் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல் வலித்தது. வாந்தி எடுத்தேன். வளைவுகளால் வந்த மயக்கம் என்று இருவரும் நினைத்தோம். மறுநாள் மேடையில் மாலையை எடுத்துக் கொடுத்தபோது அந்தக் கண்ணில் வெளிச்சம்கூட இல்லை.

வாயு விரிந்து ரத்தக்குழாயை நெரித்துவிட்டதாம். டாக்டரம்மா திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலை. இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார். லோரி லைசன்ஸும் போயிற்று.

காரை ஓட்டியது தான்தானே என்று மனைவி இன்னும் அழுகிறாள். அவளுக்கு என்ன தெரியும்? மலையேறினால் அடைத்த காற்று உப்பும் என்று எனக்குத்தான் தெரிந்திருந்தது. அந்தப் பாக்கெட் என் காலடியில் உப்பியபோது அதைப் பார்த்துச் சிரித்தவன் நான்.