வெள்ளி ரூபாயின் முதுகு

எங்கள் பக்கத்தில் ஃபோனில் நன்றாக வீடியோ எடுக்கிறவன் என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனும் நான்தான். பலாப்பழம் பிளப்பது, மிளகுக் கொடிக்கு ஏணி சாய்ப்பது, அந்த ஏணியிலிருந்து நான் விழுவது என்று எல்லாவற்றையும் எடுத்துப் போடுவேன். விழுகிற வீடியோவைத்தான் ஜனங்கள் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை வேண்டாமென்று சொல்லிவிட்டது. ஆனாலும் ஃபோனில் எதை அமுக்கினால் எது ஓடும் என்று என் விரலுக்குத் தெரியும். விரலில் இருக்கிற அறிவு மேலே ஏறப் பார்த்து, தோளோடு நின்றுவிட்டது என்பாள் என் மனைவி.

இந்தப் பெயரை நம்பி ஒருவர் வீடு தேடி வந்தார். அரசு ஆஸ்பத்திரியில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து மாத்திரை கொடுக்கிற மருந்தாளர். தூத்துக்குடிப் பக்கம். மலைக்கு மாற்றலாகி வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்தால், மீதி நேரம் அறையில் தனியாக உட்கார்ந்து பழைய காசுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். எல்லோரையும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். அவர் முதல் தடவை என்னை அப்படிக் கூப்பிட்டபோது, எனக்குப் பின்னால் யாரோ பெரிய மனிதர் நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.

சட்டைப் பையிலிருந்து சின்னதாக ஒரு சதுர அட்டையை எடுத்தார். நடுவில் வட்டமாக வெட்டிக் கண்ணாடித் தாள் ஒட்டியிருந்தது. உள்ளே ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய்.

"இதக் கொஞ்சம் சாய்ச்சுப் பாருங்க அண்ணாச்சி."

சாய்த்தேன். சாம்பல் நிறமாகக் கிடந்த காசு விளிம்பில் நீலமாக மாறியது. இன்னும் சாய்த்தால் நீலத்துக்குள்ளிருந்து ஊதா வந்தது, ஊதாவுக்கு உள்ளே தேன் நிறம். தேங்கின தண்ணீரில் மண்ணெண்ணெய் சிந்தினால் படருமே, அதுபோல. நேராகப் பிடித்ததும் எல்லாம் ஓடிப்போய் மறுபடி சாம்பல். திருப்பினால் அந்தப் பக்கமும் அதே கூத்துதான்.

"யாருங்க சார் இதுக்குச் சாயம் அடிச்சது?" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "யாரும் அடிக்கல. ஏதோ ஒரு பொட்டிக்குள்ள, தாள்ல சுருட்டி எத்தனையோ வருஷம் கெடந்திருக்கு. காத்துப் பட்டுப் பட்டு வெள்ளி தானா இப்படி ஆயிருக்கு. டோனிங்னு சொல்லுவாங்க. ஒரு தடவ அழுத்தித் தொடச்சா போச்சு, பொறவு வரவே வராது."

சேலத்தில் வருடம் ஒருமுறை காசு சேர்ப்பவர்கள் கூடிக் கண்காட்சி வைப்பார்களாம். இரண்டு தடவை இதன் ஃபோட்டோவை அனுப்பி, இரண்டு தடவையும் வேண்டாமென்று வந்துவிட்டதாம். ஃபோட்டோவில் பார்த்தால் அடுப்பில் விழுந்து எடுத்த காசு மாதிரி இருக்கிறது. இந்தத் தடவை வீடியோவும் அனுப்பலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"நாலு வருஷமா இத நான் ஒருத்தன்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். நாலு பேரு பாக்கணும் அண்ணாச்சி. அவ்வளவுதான்."

அவர் கேட்டது அவ்வளவுதான். நான் எழுந்து நின்று, "உட்டுத்தள்ளுங்க சார், நாளைக்கே உங்க காசைச் சினிமா நடிகை ஆக்கிப்புடறேன்" என்றேன். எதையும் தொடங்கும் முன் வாய் விடுவது என் பழக்கம்.

மறுநாள் அவர் காசோடு வந்தார். அட்டையோடு வெயிலில் வைத்து எடுத்தேன். காசு இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு தீ எரிந்தது. வீட்டுக்குள் வைத்து எடுத்தேன். கருப்புப் பொட்டு. டார்ச் அடித்து எடுத்தால் ராஜாவுக்குப் பதிலாக டார்ச் பல்ப் தெரிந்தது. கடைசியில் கையில் பிடித்துத் திருப்பி ஒன்று எடுத்து மனைவியிடம் காட்டினேன்.

"காசு நல்லா இருக்குதுங்க. ஆனா அதுக்குப் பக்கத்துல என்னுங்க அது, மரவள்ளிக் கெழங்கா?"

என் கட்டை விரல்.

மருந்தாளர் கடையில் வாங்கிய வெள்ளைக் கையுறை கொண்டுவந்து கொடுத்தார். மாட்டிக்கொண்டு எடுத்தேன். "காசுக்குப் பிரசவம் பாக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

வெளிச்சத்துக்கு வழி தானாகக் கிடைத்தது. ஒருநாள் காலை அவர் காசோடு வந்தபோது, மேகமூட்டம் இறங்கி விலகத் தொடங்கின நேரம். வெயில் மூட்டத்துக்குள் நனைந்து, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாமல் வந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் காசு கண்ணைக் குத்தவில்லை. நிறமெல்லாம் அவசரப்படாமல் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. நான்கு வருடமாக அவர் பார்ப்பது இதைத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூட்டம் அவ்வளவு பதமாக நிற்பது கால்மணி நேரம்தான். அவருக்கோ ஆஸ்பத்திரிக்குப் போகிற நேரம். அதனால் காசை என்னிடமே விட்டுவிட்டுப் போக ஒத்துக்கொண்டார். அட்டையின் ஸ்டேப்ளர் பின்னை அவரே பிரித்து, காசை வெளியே எடுத்து, ஒரு சுத்தமான துணி மேல் வைத்தார்.

"வெளிம்பத் தவிர வேற எங்கயும் கை படப்பிடாது. பாத்துக்கிடுங்க."

"படாதுங்க சார்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். கை படவில்லை.

விரல் தெரியாமல் காசு தானாகச் சுற்ற வேண்டும். பிஸ்கட் டப்பா மூடி ஒன்றை எடுத்து மூன்று நூல் கட்டிக் கொய்யாக் கிளையில் தொங்கவிட்டேன். நூலை முறுக்கி விட்டால், முறுக்கு பிரியப் பிரிய மூடி மெதுவாகச் சுற்றும். ஆனால் காசைப் படுக்க வைத்தால் நிறம் தெரியாது, சாய்த்து நிறுத்த வேண்டும். எங்கள் மலையில் குடம் ஓட்டையானாலும் சட்டி விரிசல் விட்டாலும் பலாப்பாலைச் சூடு காட்டி உருட்டி வைத்து அடைப்போம். வீட்டில் ஒரு உருண்டை இருந்தது. சிறு குச்சி ஒன்றை மூடியில் நட்டு, அதன் நுனியில் பலாப்பாலை வைத்து, காசின் விளிம்பைக் கையுறையோடு பிடித்து, பின்பக்கத்தை அதில் ஒட்டினேன். தலை இருக்கிற பக்கம் முகம், மறுபக்கம் முதுகு, முதுகை யார் பார்க்கப் போகிறார்கள் என்பது என் கணக்கு. பூவா தலையா போட்டு எத்தனையோ தடவை தோற்றவன் நான். காசுக்கு இரண்டு பக்கம் என்பது அப்போதுகூட நினைவு வரவில்லை.

வீடியோ வந்தது பாருங்கள், அதை எடுத்தவன் நான் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. பின்னால் மூட்டம் நகர்கிறது. காசு ஆற அமரச் சுற்றுகிறது; முதுகு திரும்புகிற இடத்தை மட்டும் வெட்டிவிட்டேன். ராஜாவின் தாடியில் தேன் நிறம் ஏறுகிறது, காதோரம் ஊதா, விளிம்பைச் சுற்றி நீலம் ஓடி வந்து கழுத்தில் அடங்குகிறது. மனைவி கையில் வாளியோடு வந்து நின்று முழுவதும் பார்த்தாள். ஒரு வார்த்தை கேலி இல்லை. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அப்படி ஒரு அமைதி அன்றுதான்.

பிறகு காசைக் கழற்றப் போனேன். வரவில்லை.

கையில் பலாப்பால் ஒட்டினால் தேங்காய் எண்ணெய் தேய்ப்போம். தேய்த்தேன். குச்சி கழன்றது, பால் கழலவில்லை. இன்னும் எண்ணெய் விட்டு, துண்டின் முனையால் அழுத்தித் தேய்த்தேன். பால் வந்தது. பாலோடு நீலம் வந்தது, ஊதாவும் வந்தது. துண்டைப் பார்த்தால் வெறும் அழுக்கு. காசின் முதுகில் புளியங்கொட்டை அளவுக்கு வெள்ளை வெளேரென்று ஒரு சொட்டை. என் தலையில் இருப்பதை யாரோ அச்செடுத்து அதில் போட்டது போல இருந்தது.

அட்டைக்குள் ராஜா தலை மேலே இருக்கும்படி வைத்து, பின் அடித்துவிட்டேன்.

சாயங்காலம் மருந்தாளர் வந்தார். வீடியோவைப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மூன்றாவது தடவை பார்த்தார். "இதேதான் அண்ணாச்சி, இதேதான்" என்றார். அட்டையை அப்படியே பையில் போட்டுக்கொண்டு போனார். திருப்பிப் பார்க்கவில்லை. என்னை நம்பியதால்தான் திருப்பவில்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தேன்.

"எண்ணெக் கிண்ணம் காலியா கெடக்குது, என்னுங்க பண்ணுனீங்க?" என்றாள் மனைவி.

"தலைக்கு வெச்சேன்."

"உங்க தலையில வெக்கறதுக்கு எடம் ஏதுங்க?"

சொல்லிவிட்டேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "அந்த மனுசன் பாக்கறதுக்கு முந்தி நீங்களே சொல்லிப்போடுங்க" என்றாள்.

நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு வாரம் தள்ளினேன். கண்ணாடிப் பெட்டிக்குள் தலையை மேலே வைத்துத்தானே காட்டுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வாரக் கடைசியில் மருந்தாளர் முட்டை பஃப்ஸ் பொட்டலத்தோடு வந்துவிட்டார். முகமெல்லாம் பல். காசு தேர்வாகிவிட்டது. அதோடு, வீடியோவைக் கண்காட்சி மண்டப வாசலில் பெரிய டிவியில் ஓட விடப்போகிறார்களாம்.

"எல்லாம் உங்களாலதான். சாப்பிடுங்க."

ஒரு பஃப்ஸை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். "சார், உங்குளுக்கு ஒண்ணு சொல்லோணும். காசோட முதுகை நான் உரிச்சுப்போட்டனுங்க."

அவர் கடகடவென்று சிரித்தார். "உங்க நக்கலுக்கு அளவே இல்ல அண்ணாச்சி."

"நெசமாலுமுங்க. பலாப்பால் வெச்சு ஒட்டி, எண்ணெ ஊத்தித் தேச்சுப்போட்டனுங்க."

"பலாப்பாலா!" சிரிப்பில் அவருக்குப் புரை ஏறியது. என் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாழ்நாள் முழுக்கக் கோமாளித்தனம் பண்ணினவனுக்கு அதற்கான கூலி கிடைத்தது. மெய் சொன்னால் இன்னும் நன்றாகச் சிரிக்கிறார்கள்.

வாய் உதவாது என்று தெரிந்ததும் பஃப்ஸை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தேன். "சார், இன்னொரு வீடியோ எடுக்கலாமுங்க. காசைக் கொஞ்சம் குடுங்க."

அவர் சந்தோஷமாக அட்டையைக் கொடுத்தார். நிலைவாசல் பக்கம் வெளிச்சம் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. பின்னைப் பிரித்துக் காசை விளிம்போடு எடுத்தேன். அவர் என் தோளுக்கு மேலே எட்டி ஃபோனைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதலில் தலைப் பக்கம். நீலம், ஊதா, தேன். அவர், "ஆகா" என்றார். மெதுவாகத் திருப்பினேன். மறுபக்கம் விளிம்பில் நீலம் வந்தது, ஊதா வந்தது, ஊதாவுக்கு நடுவில் அந்தச் சொட்டை பளீரென்று வந்து நின்றது. நிறுத்தாமல் எடுத்தேன். சாய்த்துக் காட்டினேன், மற்ற இடமெல்லாம் நிறம் மாறியது. அந்த இடம் மட்டும் மாறவே இல்லை.

அவர் என் தோளைச் சுற்றி முன்னால் வந்து காசுக்கு நேராகக் குனிந்தார்.

"நெசமாவே பலாப்பாலா?" என்றார்.

"ஆமாங்க சார்."

"வெளிம்புன்னு சொன்னேன்லா."

"சொன்னீங்க சார். பொறத்தாலதானன்னு நெனச்சுப்போட்டனுங்க."

காசை வாங்கி, உள்ளங்கை படாமல் விளிம்பை விரல் நுனியில் பிடித்துப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நான் ஏதாவது சொல்லி அவரைச் சிரிக்க வைத்திருப்பேன். அவர் அந்த வாய்ப்பைத் தரவில்லை.

"இப்ப எடுத்தத எனக்கு அனுப்புங்க" என்றார்.

"எதுக்குங்க சார்?"

"சேலத்துக்கு அனுப்பணும். அவங்க பாத்தது ஒரு பக்கம்தான. இதயும் பாத்துட்டுச் சொல்லட்டும்."

"பாத்தா வேண்டாம்னு போடுவாங்களேங்க."

"போட்டா போடட்டும். வாசல்ல நல்லத ஓட்டிட்டு, உள்ள ஒளிச்சு வைக்க முடியாதுல்லா."

என் கண்ணெதிரிலேயே அனுப்பினார். அனுப்பிவிட்டுப் படி இறங்கிப் போனார். அவர் கடிக்காத பஃப்ஸ் பொட்டலத்திலேயே இருந்தது.

இரண்டு நாளில் பதில் வந்ததாக ஆஸ்பத்திரி ஆள் ஒருவர் சொல்லித் தெரிந்தது. வாசல் டிவி கிடையாது. காசை மட்டும் உள்ளே ஓரமாக ஒரு மேஜையில் வைத்துக்கொள்ளலாம், தேய்த்தது என்று சீட்டு எழுதி வைக்க வேண்டும். மருந்தாளர் முதல் பஸ்ஸில் கிளம்பிப் போய் வைத்துவிட்டு வந்தார். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் எந்த முகத்தோடு போவது என்று தெரியாது, எனக்கு இருப்பது ஒன்றுதான்.

அதன்பிறகு மூன்று வாரம் அவர் எங்கள் பக்கம் வரவில்லை. நடுவில் எனக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரி ஜன்னலில் போய் நின்றேன். சீட்டை வாங்கினார், மாத்திரையைக் கொடுத்தார். "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்டுட்டு." அண்ணாச்சி என்ற சொல் இல்லை. அந்த மாத்திரை வழக்கத்தைவிடக் கசந்தது.

காய்ச்சல் விட்டு நாலைந்து நாள் இருக்கும். காலையில் மூட்டம் விலகுகிற நேரத்துக்கு வாசலில் செருப்புச் சத்தம். மருந்தாளர். கையில் வேறொரு அட்டை.

"மண்டபத்துல எத்தன பேருங்க சார் பாத்தாங்க?" என்று கேட்டேன். என்ன கேட்பது என்று தெரியாமல் அதைக் கேட்டேன்.

"பாத்தாங்க. தலையப் பாத்துட்டு அடுத்ததுக்குப் போகல. திருப்பிக் காட்டச் சொல்லி, இது எப்படி ஆச்சுன்னு ஒவ்வொருத்தரும் கேட்டாங்க. பலாப்பால்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுட்டு." அவர் சிரிக்கவில்லை. ஆனால் முகம் பழைய மாதிரி சுருங்கியும் இல்லை. "இது சின்ன காசு, காலணா. செம்பு. மூட்டம் போறதுக்குள்ள எடுத்துருவோம்."

கையுறையை எடுக்க உள்ளே திரும்பினேன்.

"அது வேண்டாம். காச நான் பிடிச்சுக்கிடுதேன். நீங்க எடுங்க அண்ணாச்சி."

அவர் கொய்யா மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு விரலால் விளிம்பைப் பிடித்து மெதுவாகச் சாய்த்தார். செம்புக்குள் செங்காந்தள் மாதிரி ஒரு சிவப்பு எழுந்து அடங்கியது. நான் எடுத்தேன். முன்பக்கம் முடிந்ததும் அவரே திருப்பினார், பின்பக்கத்தையும் எடுத்தேன். முடிந்ததும் அட்டையில் வைத்துத் தர வழக்கம்போலக் கையை நீட்டினேன். அவர் பார்க்காத மாதிரி தானே காசை உள்ளே வைத்து, பின் அடித்து, சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டார். நீட்டின கையால் நான் கழுத்தைச் சொறிந்துகொண்டேன்.

"காப்பி இருக்கா?" என்று கேட்டபடி அவர் வீட்டுக்குள் போனார்.