மேல் லயத்துக் குழாய்

எங்கள் பிரதேச சபையில் ஒரு நல்ல விதி இருக்கிறது. மக்களுக்காகச் செய்த வேலை எதுவானாலும், முடிந்துவிட்டது என்று கையெழுத்துப் போடும் முன், அந்த இடத்திலேயே கூட்டம் வைத்து மக்களிடம் கேட்க வேண்டும். அவர்கள் குறை சொன்னால் ஒப்பந்தக்காரர் திரும்பி வந்து திருத்த வேண்டும். யாரும் வாய் திறக்காவிட்டால் அவருடைய பொறுப்பு அன்றோடு தீர்ந்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை.

நான் அந்தச் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர். பதுளையில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். அம்மா, ஹாலிஎலவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், நான் பிறந்த அதே லயக் காம்பராவில், தொழிலாளர் வீட்டு வரிசையின் ஓர் அறையில், இருக்கிறார். இன்னும் கொழுந்து பறிக்கிறார். அந்தத் தோட்டத்துக்குக் குடிநீர்த் திட்டம் வந்தபோது வரைபடம் போடும் வேலை எனக்கு வந்தது. ஊற்றிலிருந்து ஒரு தொட்டி. தொட்டியிலிருந்து ஒரே குழாய். அது முதலில் மேல் லயத்தைத் தொட்டு, பிறகு சரிவில் இறங்கிக் கீழ் லயத்துக்குப் போகும். அம்மாவின் காம்பரா மேல் லயத்தில்.

கூட்டத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்தோம். எதற்குப் போனாலும் பார்க்க வேண்டியவற்றை முதலில் எழுதிக்கொள்வது என் பழக்கம். அன்றைக்கு எழுதியவை: கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கதிரைகள், ஒலிபெருக்கி, வருகைக் கையெழுத்து, மேல் குழாயின் படம், கீழ்க் குழாயின் படம். இவ்வளவுதான். மக்கள் என்ன சொல்வார்கள் என்பதற்கு அதில் ஒரு வரி கூட இல்லை.

சபைச் செயலாளரோடு வாகனத்தில் போய் இறங்கினேன். அவர் சிங்களவர், அமைதியான மனிதர், தமிழ் கேட்டால் புரியும். சந்தனம், குங்குமம், மாலை என்று வரவேற்பு தடபுடலாக இருந்தது. அவருக்குப் போட்டதைவிடப் பெரிய மாலை எனக்கு. எடுத்த எடுப்பிலேயே எல்லோரையும் மேல் லயத்துக்கு அழைத்துப் போய்க் குழாயைத் திறந்து காட்டினார்கள். தண்ணீர் சீறிக்கொண்டு கொட்டியது. செயலாளர் கையை நீட்டி முகம் கழுவிக்கொண்டார். ஒப்பந்தக்காரர் தானே மலையைப் பிளந்து கொண்டுவந்தது போல நின்றார்.

மடுவத்துக்குத் திரும்பியதும் செயலாளர் ஒலிபெருக்கியில் கேட்டார், ஏதாவது குறை இருக்கிறதா என்று.

தோட்டத் தொழிலாளர் தலைவர் எழுந்தார். "நம்ம லயத்துல பொறந்த புள்ள போட்ட பைப்புங்க ஐயா. அதுல என்னங்க குறை இருக்கும்?"

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் சிரித்தேன்.

என் பட்டியலில் கீழ்க் குழாயின் படம் பாக்கி இருந்தது. தேநீர் கொடுக்கும் நேரத்தில் தனியாக இறங்கிப் போனேன். கீழ் லயத்துக் குழாயடியில் வாளிகளும் குடங்களும் வரிசையாக இருந்தன, எல்லாம் காலி. குழாயின் கைப்பிடியைப் பழைய சேலைத் துண்டால் இறுக்கிக் கட்டி, பக்கத்தில் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார் நான் சித்தி என்று கூப்பிடும் ஒரு பெண்.

"மேல பாத்து முடிஞ்சிச்சா பாப்பா? அவுக்கவா?"

"ஏன் சித்தி கட்டி வச்சிருக்கீங்க?"

"நல்லாக் கேட்ட போ. இத தொறந்தா மேல நின்னு போகுமே. ஒங்கம்மா நேத்து சாயங்காலம் வீடு வீடா வந்து கெஞ்சிட்டுப் போச்சு. விடிஞ்சதுல இருந்து பைப்புக்குக் காவலு. வீட்டுல இன்னும் அரிசி கழுவல. எங்க வீட்டு மனுசன் மூஞ்சி கழுவாம மாலை போட வந்திருக்காரு, பாத்தியா இல்லியா?"

சித்தி சிரித்தார்.

எங்கே பிழை என்று கண்டுபிடிக்க எனக்கு நேரம் எடுக்கவில்லை. தொட்டிக்கும் மேல் லயத்துக்கும் இடையே உயரம் அதிகம் இல்லை. கீழே எல்லாக் குழாயும் திறந்தால் தண்ணீர் முழுவதும் சரிவில் ஓடிவிடும். வேலை முடிந்ததும் நான் சோதித்துப் பார்த்தேன்தான். ஆனால் அலுவலகத்தில் வருகைக் கையெழுத்து வைத்து, வாகனம் வந்து, நான் மலையேறிய நேரத்தில் லயங்களில் ஆளே இல்லை. எல்லோரும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். மூடிய குழாய்களுக்கு நடுவே ஒன்றைத் திறந்து, நன்றாக வருகிறது என்று எழுதிக்கொண்டு போனேன். வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன், விடியற்காலையில், இரண்டு லயமும் ஒரே சமயத்தில் தண்ணீர் பிடிக்கும் என்பது வெளியூரிலிருந்து வந்த ஒருவருக்குத் தெரியாமல் போகலாம். நான் அந்த வரிசையில் குடத்தோடு நின்று வளர்ந்தவள்.

அம்மா என்னைத் தேடிக்கொண்டு இறங்கி வந்தார். சித்தி பேசிவிட்டார் என்பது அவருக்கு என் முகத்திலேயே தெரிந்திருக்கும்.

"மேல தண்ணி வரலன்னு ஏம்மா சொல்லல?"

"எப்பிடிச் சொல்றது? நம்ம புள்ள போட்ட பைப்புன்னு தோட்டமே பேசுது. நானே போயி வரலன்னு சொல்றதா?"

"அப்ப எங்கேருந்து தண்ணி எடுக்கிறீங்க?"

"பழைய பீலிதான். பள்ளத்துல ஓடைத் தண்ணி இன்னும் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு."

"பக்கத்துக் காம்பரா பெரியம்மாவுமா?"

பெரியம்மாவுக்கு முழங்காலில் நீர் கட்டியிருக்கிறது. அந்தப் பீலியிலிருந்து அவர் குடத்தோடு ஏறி வருவதை நினைத்தேன். இன்றைக்குக் கையெழுத்து விழுந்தால் இனி எப்போதும் அப்படித்தான்.

"கையெழுத்த வாங்கிக்கிட்டுப் போ பாப்பா," என்றார் அம்மா, குரலைத் தாழ்த்தி. "பெரியவங்க முன்னால ஒன்ன ஏசினா நான் தாங்க மாட்டேன்."

போய்விட்டால் யாருக்கும் தெரியாது என்பதை நானும் நினைத்துப் பார்த்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நினைத்தேன். பிறகு சித்தியிடம் கீழ் லயத்துக் குழாய்கள் எல்லாவற்றையும் திறக்கச் சொன்னேன். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையைத் திருப்பிக்கொண்டார். சேலைத் துண்டு அவிழ்ந்ததும், சத்தம் கேட்டு வெளியே வந்த மற்ற வீட்டுப் பெண்களும் ஓடிப்போய் மற்றக் குழாய்களைத் திறந்தார்கள்.

நான் மேலே போய், செயலாளரை மறுபடி மேல் லயத்துக் குழாயடிக்கு அழைத்தேன். கையில் தேநீர்க் கோப்பையோடு வந்தார். ஊரும் பின்னால் வந்தது. குழாய் முதலில் நன்றாகத்தான் கொட்டியது. மெல்ல நூலானது. ஒரு முறை இருமியது. நின்றது.

"காத்து அடைச்சிருக்கு," என்றார் ஒப்பந்தக்காரர்.

"ஆமாங்க, காத்துதாங்க," என்றார் தலைவர்.

"கொஞ்ச நேரத்துல வந்துருங்க," என்று பின்னாலிருந்து யாரோ சேர்த்துக்கொண்டார். தண்ணீர் இல்லாத மேல் லயத்துக்காரரே அவர். என்னைக் காப்பாற்ற ஒப்பந்தக்காரருக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாலை கழுத்தில் கனத்தது. அதைக் கழற்றவும் கை எழவில்லை.

செயலாளர் என்னிடம் சிங்களத்தில் காரணம் கேட்டார். வரைபடம் என்னுடையது, நான் சோதித்த நேரம் பிழை, மேல் லயத்துக்குத் தொட்டியிலிருந்து தனிக் குழாய் வேண்டும், தொட்டியையும் உயர்த்த வேண்டும் என்று வரிசையாகச் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. அது எனக்கே பிடிக்கவில்லை.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "நீங்கள் சொல்வதை நான் எழுத முடியாது மிஸ். நீங்கள் சபையின் ஆள். அவர்கள் சொல்ல வேண்டும்."

நான் திரும்பித் தமிழில் கேட்டேன். "மேல் லயத்துக்குக் காலையில தண்ணி வருதா? யாராவது ஒருத்தர் சொல்லுங்க."

யாரும் சொல்லவில்லை. ஒவ்வொருவராக அம்மாவைப் பார்த்தார்கள். அவர் வாய் திறக்காமல் அவருடைய மகளைப் பற்றிக் குறை சொல்ல அங்கே யாருக்கும் மனம் வரவில்லை.

அம்மா முன்னால் வந்து, தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு செயலாளரைக் கும்பிட்டார். என்னைப் பார்க்கவில்லை. "வரலீங்க ஐயா. பைப்பு வச்ச நாள்ல இருந்து காலையில வரலீங்க. நாங்க பீலித் தண்ணிதான் குடிக்கிறோம்."

அவ்வளவுதான். பெரியம்மா உடனே பிடித்துக்கொண்டார். "இந்தக் கால வச்சுக்கிட்டு நான் எத்தன தடவ ஏறுறது? தண்ணி வரலன்னு சொல்லக் கூடாதுன்னு என் வாய வேற கட்டிப்புட்டாளுக!" சிரிப்பு எழுந்தது. அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. குழாயடியில் தண்ணீர் தேங்குகிறது, தோண்டிய பாதையை மூடவில்லை, தொட்டிக்கு மூடி இல்லை, இலை விழுகிறது. செயலாளர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். ஒரு கீழ் லயத்து ஆள் என் முகத்துக்கு நேரே, "நீயெல்லாம் என்னாத்த படிச்ச பாப்பா?" என்று கேட்டார். அவர் பக்கத்தில் நின்றவர் அவருடைய கையைப் பிடித்து இழுத்தார். விடுங்க, கேட்கட்டும் என்று நான்தான் சொன்னேன். சொல்லிவிட்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கையெழுத்து விழவில்லை. வாகனத்துக்குப் போகும்போது அம்மா கூட வந்தார். கதவை மூடும் முன், "சோறு ஆக்கி வச்சிருந்தேன்" என்று மட்டும் சொன்னார். செயலாளர் காத்திருந்ததால் நான் இறங்கவில்லை.

தனிக் குழாய்க்கு அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். அது இன்னும் மேசைக்கு மேசை போய்க்கொண்டிருக்கிறது. ஒப்பந்தக்காரர் மற்றக் குறைகளைத் திருத்த ஆள் அனுப்பியிருக்கிறார். கூட்டத்துக்கு மறுநாள் பெரியம்மா யாரிடமோ என் எண்ணை வாங்கிவிட்டார். இப்போது பெரட்டுக்கு ஆட்கள் கிளம்பும் நேரத்துக்கு என் கைப்பேசி அடிக்கிறது.

"பாப்பா, இன்னைக்கும் வரல. எழுதிக்க."

"எழுதிக்கிட்டேன் பெரியம்மா."

"சும்மா எழுதிக்கிட்டே இருக்காத. அந்த மேசைக்காரங்கள நாங்க வந்து பாக்கலாமா?"

வரலாம் என்றேன். வர உரிமை இருக்கிறது என்றும், எந்தக் கிழமை, எந்த அறை, யாரைக் கேட்க வேண்டும் என்றும் சொன்னேன். வருகிற புதன்கிழமை மேல் லயத்துப் பெண்கள் வேலைக்குப் போகாமல் ஹாலிஎலவில் பஸ் ஏறி வருகிறார்கள். அம்மாவும் வருகிறாராம். அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் அவர்கள் என் மேசையைத்தான் முதலில் கேட்பார்கள்.