நடந்துதான் போனாள்

ஓடிப்போனாள் என்று இன்னொரு முறை யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். ஓடவில்லை. நடந்து போனாள். என் பேத்திக்கு ஓடவே தெரியாது. பஸ் கண்ணெதிரே கிளம்பிப் போனாலும் துரத்த மாட்டாள். அடுத்தது வராமலா போய்விடும் என்று பையைத் தோள் மாற்றிக்கொண்டு நிற்பாள். அப்படிப்பட்டவளைப் போய் ஓடிப்போனாள் என்றால் எந்தக் காது தாங்கும்?

மாடி வீட்டுக்காரிதான் ஆரம்பித்து வைத்தது. படிக்கட்டில் என்னை மடக்கினாள்.

"என்ன பெரியம்மா, பேத்தி அந்த வேன்காரரோட போயிட்டாளாமே?"

"யாரு சொன்னது?"

"நானே பாத்தேனே! அவ பெட்டிய அவர்தானே வேன்ல ஏத்தினாரு."

"ஏத்தினது பெட்டியத்தானே? பெட்டிய கட்டிக்கிட்டு அவரு என்ன பண்ணப்போறாரு?"

"எனக்கென்ன பெரியம்மா, ஊரே பேசுதுன்னு சொன்னேன்."

"ஊருன்னா யாரு, நீயும் உன் நாத்தனாருமா?"

முகத்தை ஒரு வெட்டு வெட்டிக்கொண்டு மேலே ஏறிப்போனாள்.

அந்த வேன்காரர் அவள் வேலை செய்யும் கர்ட்டன் கடைக்குச் சாமான் ஏற்றுகிறவர், அவருக்கு என் மகன் வயது. மேல்வரிசை முழுக்கக் கட்டின பல்; சிரிப்பு வந்தால் கையால் வாயைப் பிடித்துக்கொள்வார். அவரோடு ஓடுவதென்றால் பல்லைப் பத்திரமாக வைக்கத் தனியாக ஒரு டப்பா கொண்டுபோக வேண்டும். அன்றைக்கு வேனுக்குள் அவர் உட்கார்ந்த இடம் போக மிச்சமெல்லாம் கர்ட்டன் கம்பி. பெட்டியைச் செருக இடம் இருந்தது, ஆள் உட்கார இல்லை. அதனால் பெட்டி வேனில் போயிற்று, அவள் பஸ் நிலையத்துக்கு நடந்து போனாள். நடந்தது இவ்வளவுதான். ஆனால் இதோடு விட்டால் அவள் எதற்காகப் போனாள் என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும். அதனால் சொல்கிறேன். இதை எழுதுகிறவளே, நான் சொன்னபடியே எழுது, நடுவில் அழகு பண்ணாதே.

நான் அவளைப் பொடிசு என்றுதான் கூப்பிடுவேன். பிறந்தபோது துண்டுக்குள் தேட வேண்டியிருந்தது. இப்போது அலமாரியின் மேல்தட்டில் இருப்பதை ஸ்டூல் இல்லாமல் எடுக்கிறாள், ஆனாலும் என் வாய்க்கு வேறு பெயர் வருவதில்லை. அவளுக்குக் கர்ட்டன் கடையில் வேலை. தைப்பதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இவள் வீடு வீடாகப் போய் ஜன்னலை அளந்து வருவாள். ஒரு பஸ், இறங்கி இன்னொரு பஸ், அப்புறம் ஏதோ ஒரு வீட்டின் நாலாவது மாடி. காலையில் கிளம்பினால் சாயங்காலம் வரை அடுத்தவர்கள் படுக்கையறையிலும் சமையலறையிலும் டேப்பும் கையுமாக நிற்பது அவள் பிழைப்பு.

முன்பெல்லாம் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் கட்டிலில் உட்கார்ந்து அன்றைய ஜன்னல்களைச் சொல்வாள்.

"இன்னிக்கு ஒரு ஜன்னல் பாட்டி, தெறந்தா நேரா பக்கத்து வீட்டுச் சுவரு. கை நீட்டினா தொடலாம். அதுக்குப் போய் பூப்போட்ட கர்ட்டன் கேக்கறாங்க!"

"சுவரு இவங்களப் பாத்துடக் கூடாதில்ல?"

"இன்னொரு வீட்ல ஜன்னல் வழியா ரயில் தெரியுது. அந்தம்மா கெட்டித் துணியா வேணுங்கறாங்க. ரயில்ல போறவங்களப் பாத்தா எரிச்சலா இருக்காம்."

என் முட்டிக்குத் தெருமுனை வரை போவதே பெரும் பயணம். இந்த நகரத்தில் பாதியை நான் அவள் சொன்ன ஜன்னல்கள் வழியாகத்தான் பார்த்தேன்.

அவள் அம்மா, என் மருமகள், போன வருடம் போய்விட்டாள். காலையில் நெஞ்சை அடைக்கிறது என்றாள். மத்தியானம் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்தது. பொடிசு அழவில்லை. வீட்டுக்கு வந்தாள். காலையில் அவள் அம்மா ஊறவைத்த துணிகள் பக்கெட்டில் அப்படியே கிடந்தன. கையைச் சுருட்டி விட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக அலசிப் பிழிந்தாள். அம்மாவுடையதும் அதில் இருந்தது. அதையும் உதறிக் கொடியில் போட்டு, பறக்காமல் கிளிப் மாட்டினாள். மாடி வீட்டுக்காரி அதை மேலிருந்து பார்த்துவிட்டு, கல் மனசு என்று அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

கல்லும் இல்லை, ஒன்றும் இல்லை. பல் பிடுங்குமுன் ஊசி போடுவார்களே, அப்போது கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுவது போலிருக்குமே, அப்படி இருந்தாள். பிடுங்கினது தெரியும், வலிதான் தெரியாது.

அப்புறம் வீடு நடந்தது. நடக்காமல் என்ன செய்யும்? அவள் விடிகிறபோது எழுந்தாள், சமைத்தாள், அப்பாவுக்கும் தம்பிக்கும் டப்பா கட்டினாள், பிறகு ஜன்னல் அளக்கப் போனாள், வந்து மறுபடியும் சமைத்தாள். அம்மாவின் கைத்துண்டு இவள் தோளுக்கு வந்தது. அம்மாவின் ரப்பர் செருப்பு இவள் காலுக்கு வந்தது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை, அங்கே இருந்தது, போட்டுக்கொண்டாள். டீ போட்டு எல்லோருக்கும் கொடுத்துவிட்டுத் தன்னுடையதை முன்னால் வைத்துக்கொண்டு உட்காருவாள். ஆடை கட்டி, ஆறி, பச்சைத் தண்ணீராகிவிடும்.

"இன்னிக்கு எந்த ஜன்னல்?" என்று கேட்பேன்.

"ஜன்னல்தான் பாட்டி."

"வெளிய என்ன தெரிஞ்சுது?"

"பாக்கல."

தம்பிக்காரன் போன் ரிப்பேர் கடையில் வேலை செய்கிறான். ஊர் போனையெல்லாம் திருப்புளியால் திறக்கத் தெரியும், தன் சட்டை எங்கே என்று தெரியாது. ஒரு நாள் குளித்துவிட்டு வந்து, "அம்மா, என் நீலச் சட்ட எங்க?" என்று பழக்கத்தில் கத்தினான்.

"அலமாரில பாரு, கீழ்த்தட்டு," என்றாள் இவள்.

அவனும் எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டான். இரண்டு பேருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த எனக்குத்தான் கை நின்றது.

இதற்கு நடுவில் கடைக்கார அம்மா ஒரு நாள் வீட்டுக்கே வந்துவிட்டாள். நல்ல குண்டு, நல்ல குரல், வாசலுக்கு வருமுன்பே அவள் வந்தது தெரிந்துவிடும். கையில் மடித்த கர்ட்டன்.

"பொண்ணே, இது யாரு வீட்டு அளவு? டாக்டர் வீட்டு ஹாலுக்கு அனுப்பினா, ஜன்னல்ல பாதிக்குக்கூட வரல. டாக்டர் சிரிக்கிறாரு. அவரு சம்சாரம் சிரிக்கல."

பொடிசு அதை வாங்கிப் பிரித்தாள். சமையலறைக்குப் போய் எங்கள் ஜன்னலில் பிடித்துப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்தது போல, ஒரு நூல் கூடவுமில்லை குறையவுமில்லை. டாக்டர் வீட்டில் நின்றுகொண்டு எங்கள் சமையலறை ஜன்னலின் அளவைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

கடைக்கார அம்மாவுக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அப்புறம் குரலைத் தாழ்த்தினாள், அவளால் முடிந்த அளவுக்கு. "உன் டேப்பு இந்த அடுப்படிய விட்டு வரமாட்டேங்குது. நான் துறைமுகத்துப் பக்கம் புதுசா கடை போடறேன். தூரந்தான், ஒரு பகல் முழுக்க பஸ்ல போகணும். கூடவே தங்க ரூமும் இருக்கு. அங்க ஒரு ஆள் வேணும். போறியா?"

"வீட்ல ஆள் இல்லக்கா."

"நான் என்ன, ஆள் இல்லையா?" என்றேன்.

"நீ ஆள்தான் பாட்டி. எழுந்து நிக்கறதுக்குள்ள பால் பொங்கிடும்."

"பொங்கினா தொடச்சுக்கறேன்."

கடைக்கார அம்மா என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "இந்த மாசம் முடியறவரைக்கும் அந்த வேலைய வேற யாருக்கும் கொடுக்கமாட்டேன். யோசிச்சுக்க," என்று போய்விட்டாள். டாக்டர் வீட்டுக் கர்ட்டன் எங்கள் சமையலறையில் தொங்கியது. பொடிசு யோசித்ததாகத் தெரியவில்லை. யோசிக்கக்கூட ஆள் உள்ளே இருக்க வேண்டுமே.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம்.

என் மகன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அதிகம் பேசாதவன், பேச்சை ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு வருகிறான் என்று அவன் பெண்டாட்டியே சொல்வாள். பெண்டாட்டியைப் பெயர் சொல்லி அவன் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "இந்தா" என்பான். கொடுக்க ஒன்றும் இருக்காது, வாங்கத்தான் இருக்கும், ஆனாலும் "இந்தா, தண்ணி." "இந்தா, கதவப் பாரு." அவளும் எங்கிருந்தாலும் "ம்ம், வரேன்" என்று இழுப்பாள். அந்தச் சொல் அவர்கள் இரண்டு பேருக்குள் இருந்தது. மகளுக்கு எப்போதும் "ஏம்மா"தான். கோபமாக இருந்தாலும் "ஏம்மா"தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று ஷேவ் செய்துகொண்டிருந்தான். முகத்தில் பாதி சோப்பு. பின்னால் கையை நீட்டி, "இந்தா, துண்டு," என்றான்.

சமையலறையிலிருந்து, "ம்ம், வரேன்."

அதே இழுப்பு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருந்தால் என் மருமகள்தான் என்று சத்தியம் செய்திருப்பேன்.

கண்ணாடிக்குள் என் மகன் முகம் அப்படியே நின்றது. பிளேடு கன்னத்தில் நின்றது. இவள் ஈரக்கையைத் தோள் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து, கொடியிலிருந்து துண்டை எடுத்து அவன் கையில் வைத்துவிட்டுத் திரும்பிப்போனாள். அவன் மிச்சப் பாதியைச் சிரைக்காமலே துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். அன்று முழுக்க ஒரு கன்னம் வழவழப்பும் ஒரு கன்னம் முள்ளுமாகத் திரிந்தான்.

சாயங்காலம் அவள் வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள். ரொம்ப நாள் கழித்து.

"பாட்டி, அப்பா காலைல என்னைத்தான் கூப்பிட்டாரா?"

"நீதானே பதில் சொன்ன?"

"யாரைக் கூப்பிடறாருன்னே எனக்குத் தோணல. தும்மல் மாதிரி தானா வந்துடுச்சு."

"அழுகை வந்துதா?"

"இல்ல. அப்பவும் வரல. அதான் பயமா இருக்கு." தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னும் கொஞ்ச நாள் போனா நான் எங்க இருக்கேன்னு யாராவது தேடக்கூட மாட்டாங்க. நானும் தேட மாட்டேன்."

குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னாள்.

"கடைக்கார அம்மாவுக்குப் போன் பண்ணு," என்றேன்.

"நீ?"

"என்னைப் பத்தி நீ பேசாத. இந்தக் குடும்பத்துல எல்லாருக்கும் வயிறு இருக்கு, கையும் இருக்கு. பசிச்சா கை தானா வரும்."

என் மகனிடம் அவளே சொன்னாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "வீட்ட யாரு பாப்பா?" என்றான், தட்டைப் பார்த்து.

"ஏன், வீடு எங்கயாவது போகுதா? நீ பாரு," என்றேன் நான்.

"அம்மா, நீ சும்மா இரு."

"நான் சும்மா இருந்ததெல்லாம் போதும். ஊர்ல இருக்கற ஃப்ரிட்ஜையெல்லாம் தெறந்து சரி பண்றவனுக்கு, வீட்டு அடுப்பப் பத்த வைக்கத் தெரியாதா?"

தம்பிக்காரன் வாய் நிறையச் சாப்பாட்டோடு, "நான் முட்ட வறுப்பேன்," என்றான்.

"நீ வறுத்தா தீயணைப்பு வண்டி வரும்," என்றாள் பொடிசு. அது சிரிப்பில்லை. ஆனால் பழைய பொடிசு சொல்கிற மாதிரி இருந்தது. என் மகன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி அவளை ஒரு முறை பார்த்தான்.  சாப்பிட்ட தட்டை அவனே எடுத்துப்போய்க் கழுவி வைத்தான்.

போகிற அன்று காலையில் பால் காய்ச்சினது அவன்தான். பொங்கிற்று. துடைத்தான். வேன்காரர் வந்து வாயைப் பொத்திச் சிரித்து, புதுக் கடைக்குப் போகிற கம்பிகளுக்கு நடுவில் பெட்டியைச் செருகிக்கொண்டு போனார். மாடி வீட்டுக்காரி கைப்பிடிச் சுவரில் குனிந்து பார்த்தது அந்தக் காட்சியைத்தான். அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்க அவளுக்குப் பொறுமை இல்லை.

பொடிசு அம்மாவின் ரப்பர் செருப்பைச் சுவரோரம் ஜோடியாக வைத்தாள். தன் செருப்பை மாட்டினாள். கைத்துண்டை அடுப்பு மேடையில் மடித்து வைத்திருந்தாள். என் கன்னத்தை ஒரு முறை தொட்டாள். விரல் சில்லென்று இருந்தது. அழவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. கதவைத் திறந்து கீழே இறங்கினாள்.

என் மகன் உள்ளேயிருந்து வேகமாக வந்து நிலைப்படியில் நின்றான். வாயைத் திறந்தான். அவன் வாயையே பார்த்தேன், எந்தச் சொல் வரப்போகிறதோ என்று.

"ஏம்மா," என்றான்.

அவள் நின்றாள். முழுசாகத் திரும்பினாள். "என்னப்பா?"

"குடை எடுத்துக்கிட்டியா?"

"எடுத்துக்கிட்டேன்."

பிறகு தெருவில் நடந்தாள். வேகமும் இல்லை, தயக்கமும் இல்லை. முனையில் திரும்பும்வரை நான் ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டம் எதுவும் கிடையாது.

அவள் குடை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவனும் அதைப் பார்த்தான்.